மூன்று மாதமாக வீங்கும் கணுக்கால்: டிக்கோயாவா, கண்டியா, கொழும்பா?

கேள்வி: பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 51 வயது. மூன்று மாதத்துக்கு முன் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது கானில் (தோட்ட வடிகாலில்) வழுக்கிப் பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. தோட்ட மருந்தகத்தில் குளிசை கொடுத்தார்கள். பிறகு முறிவு நெரிவு பார்ப்பவரிடம் நான்கு முறை பற்றுப் போட்டோம். காலையில் பரவாயில்லை, மாலையில் வீங்கிவிடுகிறது. அண்ணன் கொழும்பில் தனியார் மருத்துவமனைக்கு வரச் சொல்கிறார். அப்பா கண்டி என்கிறார். எங்கே போவது?

பதில்: முதலில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். ஹட்டனுக்குப் போகும் உங்கள் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் கொண்ட அதன் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாள்பட்ட கால் வலி ஒரே நடையில் தீராது. படம் எடுக்க ஒரு நாள், நிபுணரைப் பார்க்க ஒரு நாள், அதற்குப் பிறகு பிசியோதெரபிக்கு வாரா வாரம். கொழும்புக்கு அம்மா எத்தனை முறை போவார்? இரண்டாவது முறையே ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விட்டது என்று நின்றுவிடுவார். இடையில் விட்ட சிகிச்சைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளிநோயாளர் பிரிவில் "கால் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் குளிசையோடு திரும்பி வருவீர்கள். விழுந்த தேதி, கால் மடங்கிய பக்கம், மூன்று மாதமாக மாலையில் வீங்குவது ஆகியவற்றைச் சொல்லுங்கள். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பாரம் ஏறும்போதுதான் சில விலகல்கள் படத்தில் தெரியும். முன்பு சாப்பிட்ட குளிசை அட்டைகளையும் கையில் கொண்டுபோங்கள். டிக்ளோபினாக் போன்ற வலிக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

எலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னால் கடிதம் வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்கோ கண்டிப் பக்கமோ போகலாம். கண்டிக்கே போவதானால் பேராதனை போதனா வைத்தியசாலை வழியிலேயே வரும். கடிதமும் கிளினிக் கொப்பியும் இல்லாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றால், நாள் முழுக்க நின்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். காசு கொடுத்துத் தனியாரிடம் சனல் செய்தாலும் (நிபுணரைப் பார்க்க நேரம் பதிந்தாலும்), பகலில் அரச கிளினிக்கில் இருக்கும் அதே நிபுணர்தான் மாலையில் அங்கே பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார். அண்ணன் அனுப்பும் பணத்தை எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் செலவழிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றுப் போட்டதில் பெரிய தப்பில்லை. சுளுக்குக்கு அது பலருக்கு இதமாகவே இருக்கிறது. எலும்பு ஒடிந்திருக்கிறதா என்று படம் பார்க்காமல் இழுத்து நேராக்குவதையும், விரல் நீலமாகும் அளவுக்கு மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டுவதையும்தான் நான் ஒப்பமாட்டேன். எக்ஸ்ரே முடியும்வரை பற்றை நிறுத்திவையுங்கள்.

இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, வெளிக் கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தை நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்து ஒரு நூல். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி இரண்டு காலையும் அளந்து பாருங்கள். அடிபட்ட கால் 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்து வலித்தால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. காய்ச்சலோடு கால் சிவந்து சூடாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறவர்களுக்கு இப்படி வருவதுண்டு. சீனி வியாதி இருந்தால் பாதப் புண் எதையும் சின்னது என்று விடக்கூடாது.

படத்தில் முறிவு இல்லையென்றால், மிச்சம் பெரும்பாலும் தளர்ந்த தசைநாரும் மறந்துபோன சமநிலையும்தான். ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது போன்ற பயிற்சிகளைப் பிசியோதெரபியில் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு லயத்து வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவே செய்துகொள்ளலாம்.

விழுந்தது வேலை நேரத்தில் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அன்றைய தேதியில் மருந்தகப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில், சரிவான மலையில் வேலை கொடுக்க வேண்டாம் என்று ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.