கல்லை யார் புரட்டுவது?

கேள்வி: எங்கள் சபையில் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். பாடகர் குழுவில் மிச்சம் நாங்கள் நால்வர். ஈஸ்டர் வந்தால் எல்லாம் மாறிவிடுமா, ஐயா?

பதில்: மாறாது அம்மா. அன்று ஆலயம் நிரம்பி வழியும். அடுத்த ஞாயிறு மறுபடி பழைய கதைதான். போதகராக இருந்த காலமெல்லாம் பார்த்துச் சலித்தவன் சொல்கிறேன்.

ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போனவர்கள் மூன்றே பெண்கள். (உங்களைவிட ஒருவர் குறைவு!) கையில் நறுமணப் பொருள்கள் இருந்தன, கல்லறை வாசலை அடைத்திருந்த கல்லைப் புரட்டித் தள்ள ஆள் இல்லை. யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டேதான் நடந்தார்கள். திரும்பிப் போகவில்லை, பார்த்தீர்களா? அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

ஓர் ஆண்டு ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். மின்சாரமும் போய்விட்டது. என் பிரசங்கத் தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு மூதாட்டி, சுருதி சேராத கட்டைக் குரலில், தானாகவே பாட ஆரம்பித்தார். இரண்டாம் அடியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நால்வரும் ஒத்திகையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

பதில்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். பௌர்ணமி என்றது திருச்சபைக் கணக்குப்படி. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் போகாது. கீழைத் திருச்சபைகள் பலவற்றின் கணக்கு வேறு.