முதல் நூலுக்குப் பதிப்பாளரைத் தேடுவோர் கேட்டவை

தமிழ்ப் பதிப்பகங்களுக்காகப் பிரதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இன்னும் ஒரு நூலும் வெளிவராத எழுத்தாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை: ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இலக்கிய முகவர்கள் இருக்கிறார்கள். தமிழில் அப்படி யாரை அணுகுவது, ஐயா?

முதல் நூல் எழுதியவருக்காகப் பதிப்பகத்தின் கதவைத் தட்டும் முகவர் தமிழில் நடைமுறையில் இல்லை. காரணம் எளிய கணக்குதான். முகவருக்கு ஊதியம் என்பது எழுத்தாளரின் வருவாயில் ஒரு பங்கு. ஆங்கிலப் பதிப்புலகில் அது பொதுவாக 15 சதவீதம். 200 ரூபாய் விலையுள்ள ஒரு தமிழ் நாவல் 300 பிரதிகள் விற்று, 10 சதவீத ராயல்டியும் ஒழுங்காக வந்துசேர்ந்தால் எழுத்தாளருக்குக் கிடைப்பது 6,000 ரூபாய். அதில் முகவரின் பங்கு 900 ரூபாய். அந்தத் தொகைக்காக ஒரு நாவலைப் படித்து, திருத்தம் சொல்லி, பதிப்பாளர்களிடம் பேசி, ஒப்பந்தம் முடித்துக் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை ஒட்டி இலக்கிய முகவர் என்ற சொல் இங்கேயும் புழங்குகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது ஏற்கெனவே அச்சில் உள்ள நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமை. அச்சேறாத பிரதிக்கு அங்கே இடமில்லை.

முகவர் செய்ய வேண்டிய வேலையைத் தமிழில் இதழாசிரியர்கள்தாம் செய்து வந்திருக்கிறார்கள். காலச்சுவடு, உயிர்மை போன்றவை இதழாகவும் பதிப்பகமாகவும் இயங்குவது இதற்குத் துணை செய்கிறது. இதழில் வெளியான நான்கைந்து கதைகள், முன்பின் அறியாத பதிப்பாளரிடம் உங்களை அறிமுகப்படுத்தும் அளவுக்கு எந்தச் சிபாரிசுக் கடிதமும் அறிமுகப்படுத்தாது. தம்மை முகவர் என்று சொல்லிக்கொண்டு, பிரதியைப் படிப்பதற்கே முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். உண்மையான முகவர் நூல் விற்பனையான பிறகே தம் பங்கைப் பெறுவார்.

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: என் நாவலைச் சில பதிப்பகங்களுக்கு அனுப்பி ஓராண்டு ஆகிறது. ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை என்றே புரிந்துகொள்ளுங்கள். நம் பதிப்பகங்களில் பல, ஒரு குடும்பமும் இரண்டு மூன்று ஊழியர்களும் சேர்ந்து நடத்துபவை. அச்சகத்தோடு பேசுவதும், காகிதம் வாங்குவதும், மாவட்டப் புத்தகக் காட்சிகளுக்குப் பெட்டி கட்டுவதும் உரிமையாளரே என்றிருக்கும்போது, வந்து குவியும் பிரதிகளைப் படிப்பதற்கென்று ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்தும் வழக்கம் அரிது. இருந்தாலும், இரண்டு வரி பதில் எழுதாமல் ஒருவரை ஓராண்டு காக்க வைப்பது மரியாதைக் குறைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பதிப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால் அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

உங்கள் கையில் இருப்பது அனுப்பும் காலமும் முறையும் மட்டுமே. பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் அக்டோபரிலேயே சூடுபிடித்துவிடும்; அப்போது வரும் புதிய பிரதியை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை அனுப்புவது நல்லது. முதலில் முழு நாவலையும் அனுப்ப வேண்டாம். நாவல் எதைப் பற்றியது, எத்தனை சொற்கள், இதற்கு முன் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பவற்றைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் இரண்டு அத்தியாயங்கள் போதும். கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பு எதிர்முனையில் வெறும் குறிகளாகத் திறந்துகொண்டால், அதை மாற்றிப் படிக்க ஒருவரும் மெனக்கெடமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் வேறிடம் அனுப்புவதாகத் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: கவிதைத் தொகுப்பைப் பதிப்பகங்கள் தம் செலவில் வெளியிடுமா?

மிக அரிதாக. கவிதைகள் முதலில் இதழ்களில் வரட்டும். தொகுப்பு பின்னால் வரும்.

ஓசூரிலிருந்து ஒரு பொறியாளர்: ஒரு பதிப்பகம் நூலை வெளியிட 45,000 ரூபாய் கேட்கிறது. 300 பிரதிகள் அச்சிடுவார்களாம். இது ஏமாற்றா?

பணம் கேட்பது மட்டுமே ஏமாற்று ஆகிவிடாது. எழுதியவரோ பதிப்பித்தவரோ தாமே பணம் திரட்டுவது தமிழ் அச்சு வரலாற்றில் நெடுநாளாக உள்ளதுதான். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் அதற்காக முன்கூட்டியே கையொப்பக்காரர்களை, அதாவது நூலுக்குப் பணம் தருவதாகக் கையெழுத்திட்டவர்களை, திரட்டினார். பாரதியார் 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடும் திட்டத்துடன் நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மறு ஆண்டு அவர் மறையும்வரை அது நிறைவேறவில்லை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். ஆகவே கைப்பணம் போட்டு நூல் கொண்டுவருவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான். நூலின் அளவு (டெமி போன்றவை), பக்க எண்ணிக்கை, தாளின் தரம், அட்டை ஆகியவற்றைக் குறிப்பிட்டு இரண்டு அச்சகங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். நூல் பதினாறு பதினாறு பக்கங்கள் கொண்ட பாரங்களாக அச்சாவதால், பக்க எண்ணிக்கை சற்றே மாறினாலும் செலவு மாறும். அச்சுக்கூலிக்கு மேல் கேட்கப்படும் தொகை பிரதியைச் செம்மையாக்குவதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் கடைகளில் சேர்ப்பதற்கும் என்றால், அந்த வேலைகளை யார் செய்வார்கள், எப்போது முடிப்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்ட பிறகு 300 என்று சொல்லி 50 மட்டும் அச்சிடுவது எளிது. எனவே அச்சகத்தின் ரசீதைப் பார்க்கும் உரிமையும், உங்கள் பணத்தில் அச்சான பிரதிகள் அனைத்தும் உங்களுடையவை என்ற உறுதியும் வேண்டும். நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியே ஆயிரக்கணக்கில் கேட்டால் எச்சரிக்கையாகுங்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை எழுத்தாளர்களுக்கும் கட்டணமின்றி வழங்குகிறது. அரசு நூலகங்கள் நூலை வாங்குவதற்கான நூலக ஆணை நிச்சயம் என்று வாக்குறுதி கொடுப்பவரை நம்பவே வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: என் பதிப்பாளர், "ஒப்பந்தமெல்லாம் எதற்கம்மா, நம்பிக்கைதானே முக்கியம்" என்கிறார். வற்புறுத்தினால் வாய்ப்பு போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஒப்பந்தம் கேட்டதற்காகப் போகும் வாய்ப்பு, போவதே நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி என்பதையெல்லாம் அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது.

இத்தனை பாதுகாப்பும் நீங்கள் கையெழுத்திடும் ஒரே வரியில் போய்விடக்கூடும். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற தொடர் இருந்தால் அதை அடித்துவிட்டு, "தமிழ் அச்சு நூலுக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை ஆகியவை தனித்தனியே பேசப்பட வேண்டியவை. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு தரப்படும் என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். ராயல்டி வரவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டவர்களில் பலருக்கு, எத்தனை பிரதிகள் விற்றன என்று கேட்பதற்கே கையில் ஒரு தாள் இருந்ததில்லை. நீங்கள் மொழிபெயர்ப்பாளர் என்பதால் இன்னொன்று: மூல ஆசிரியரிடமோ அவருடைய வாரிசிடமோ அனுமதி பெற்றுவிட்டீர்களா? ஆசிரியர் இறந்து 60 ஆண்டு நிறையாதவரை அது கட்டாயம். அந்த அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: இங்கே பதிப்பகங்களே குறைவு. பெரும்பாலோர் சொந்தச் செலவில்தான் போடுகிறார்கள். தமிழகத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். ஈழத்து நூல்களைத் தொடர்ந்து வெளியிடும் பதிப்பகங்கள் சென்னையில் உண்டு. ஆனால் நூல் சென்னையில் அச்சானால், உங்கள் ஊர் வாசகருக்கு அது இறக்குமதி விலையில்தான் கிடைக்கும். ஆகவே இந்தியப் பதிப்புரிமையை மட்டும் கொடுத்துவிட்டு இலங்கைப் பதிப்பை உங்கள் கையில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கி, அவற்றைப் பெறுவோர் தரும் பணத்தால் அச்சுச் செலவின் ஒரு பகுதியை மீட்கும் உங்கள் ஊர் வழக்கத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. சென்னையில் விழாவுக்கு வருவோர் பெரும்பாலும் தேநீரோடு திரும்பிவிடுகிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு செவிலியர்: நாவலைக் கிண்டிலில் நானே வெளியிட்டுவிட்டால், பிறகு அச்சுப் பதிப்பாளர் மறுப்பாரா?

பலர் மறுப்பதில்லை, நன்றாகப் படிக்கப்பட்டிருந்தால் அதையே ஒரு தகுதியாகக் கொள்பவர்களும் உண்டு. கிண்டில் நூல்களை எழுத்தாளர்களே வெளியிடுவதற்கான அமேசானின் கே.டி.பி. தளம் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதன் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும்; சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்த வலைப்பூவில்கூட, வைத்திருக்கக் கூடாது. அச்சு நூலை இந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் திட்டம் காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைந்திருப்பதுண்டு. மின்னூல் உரிமையையும் சேர்த்துக் கேட்கும் பதிப்பாளரிடம் பேசத் தொடங்கும் முன்பு, அந்தத் தெரிவை நீக்கிவிட்டு, நடப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.