பட்டறைத் தபால்: காலடியில் ஈரம், கண்ணாடியில் மூட்டம்

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு செவ்ரோலே சி10 பிக்கப் இருக்கிறது. வி8 என்ஜின், ஏசி கிடையாது. சில வாரங்களாக ஹீட்டரைப் போட்டால் இனிப்பாக ஒரு வாடை வருகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் மூட்டம் போடுகிறது. பக்கத்து இருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருக்கிறது. ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்கு அடியில் வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், போய்விட்டது என்கிறார் ஒரு நண்பர். ஒழுகலை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். வாட்டர் பம்பை நானே மாற்றியிருக்கிறேன். இதையும் நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம். வாட்டர் பம்பை மாற்றிய கைக்கு இது மீறிய வேலை இல்லை. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தொழில் கற்ற புதிதில், உங்களுடையதைப் போன்ற ஒரு பழைய பிக்கப் பட்டறைக்கு வந்தது. காலடியில் ஈரம் என்றார் உரிமையாளர். ஹீட்டர் கோர்தான் என்று நான் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். ரப்பர் ஹோஸ், கோரின் குழாயில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிடித்து முறுக்கி இழுத்தேன். கோரின் பித்தளைக் குழாய், ஈயப் பற்றோடு கையில் வந்துவிட்டது. புதியது வாங்கிப் போட்டுக் கொடுத்தோம். அடுத்த மழைக்கு அதே மனிதர் அதே ஈரத்தோடு வந்து நின்றார். ஒழுகியது மழைத் தண்ணீர். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டு மடிப்பு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. நன்றாக இருந்த கோரை உடைத்து, புதிய கோரை மாட்டியதுதான் நான் பார்த்த வைத்தியம். முதலாளி அன்று என்னைத் திட்டவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, வெள்ளைத் தாளால் அந்த ஈரத்தை ஒற்றி எடுங்கள். மழைத் தண்ணீர் என்றால் அழுக்கு மட்டும் இருக்கும். கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் என்றால் நிறம் ஏறும், விரலுக்கு நடுவே வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய வழக்கம் வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் அந்த இனிப்புக்காகவே நக்கிவிட்டு இறந்துபோகின்றன. கண்ணாடி மூட்டத்தையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்போலப் பிசுக்கு ஒட்டினால் அது வெறும் பனிமூட்டம் இல்லை, ஆவியாகிப் படிந்த கூலன்ட். ரேடியேட்டரிலும் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் ஐயமே வேண்டாம்.

பொடியைப் பற்றி: நடுவழியில் மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர அது உதவலாம். ஆனால் அதற்கு ஒழுகும் ஓட்டை எது, கோரின் மெல்லிய குழாய் எது என்ற வேறுபாடு தெரியாது. கோர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர்தானே. அந்தக் குறுகிய குழாய்களில் பொடி படிந்தால் சூடு வருவது நின்றுவிடும். நான் போடமாட்டேன். உடனே வேலைக்கு நேரமில்லை என்றால், கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றிவிட்டு, என்ஜினின் மேலிருக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வாட்டர் பம்புக்கு நேராக ஒரு ஹோஸைச் சுற்றி மாட்டிவிடுங்கள். ஹீட்டர் இருக்காது, வண்டி ஓடும். கண்ணாடி மூட்டத்தை விலக்கவும் வழி இருக்காது என்பதால் குளிர்காலத்துக்கு இது ஆகாது.

இனி வேலை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இரவே ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர்) என்ஜின் பக்கம் தெரியும் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கூலன்ட்டைத் தட்டில் வடித்து மூடிவையுங்கள், தரையில் விடாதீர்கள்.

இரண்டு ஹோஸ்களில் ஒன்று 3/4 அங்குலம், மற்றது 5/8 அங்குலம். எது எங்கே என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நான் செய்ததைச் செய்யாதீர்கள்: இழுக்காதீர்கள், முறுக்காதீர்கள். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோலைப்போல உரித்தெடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும், எப்படியும் புதிது போடத்தான் வேண்டும்.

உள்ளே, டாஷ்போர்டின் சாமான் பெட்டியைக் கழற்றினால் கைக்கு இடம் கிடைக்கும். கட்டுப்பாட்டுக் கேபிள்களைக் கழற்றுவதற்கு முன் அவை எந்தத் துளையில், எந்தக் கிளிப்பில் நிற்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள், இருக்காது. கோர் இருக்கும் ஹீட்டர் பெட்டியின் ஸ்டட்டுகள், அதாவது நட் ஏறும் மரை போட்ட கம்பிகள், ஃபயர்வாலைத் துளைத்து என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லா நட்டையும் கழற்றியும் பெட்டி அசையவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப வேண்டாம். இன்னும் ஒரு நட் மிச்சமிருக்கிறது என்று பொருள். மட்கார்டின் உள்தகட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுங்கள். அந்தத் தகட்டின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் ஸ்பேனர் நுழையும். இந்த ஒரு நட்டுக்கு ஒரு பிற்பகல் போனாலும் வியக்காதீர்கள்.

பெட்டி வெளியே வரும்போது கோரில் மிச்சமிருக்கும் தண்ணீர் உங்கள் மடியில் கொட்டும். பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். திறந்தால் உள்ளே காய்ந்த இலை இருக்கும், சில சமயம் எலிக்கூடும் இருக்கும். அதைவிட முக்கியம் கோரைச் சுற்றியிருக்கும் நுரைப்பட்டை. ஐம்பது ஆண்டில் அது தூளாகியிருக்கும். புதிய பட்டை ஒட்டாமல் மூடினால் காற்று கோரின் வழியாகப் போகாமல் ஓரமாக நழுவிவிடும். பிறகு புதுக் கோர் போட்டும் சூடு போதவில்லை என்று எனக்கே கடிதம் எழுதுவீர்கள்.

புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துத் தடிமன், குழாய்களின் கோணம் இரண்டையும் ஒப்பிடுங்கள். அடுத்து, மாட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மட்டும் காற்றுக் கொடுத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்ப்ரஸரை முழுதாகத் திறந்துவிட்டால் நல்ல கோரும் வெடிக்கும்.

மாட்டியபின் எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஹீட்டர் நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடி திறந்த நிலையிலேயே, ஆறிய என்ஜினை ஓடவிடுங்கள். என்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் வந்து அடங்கும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். கடைசியில் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் சரி. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

ஒரே ஒரு சோதனை பாக்கி. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் கம்பி சரியில்லை, அல்லது கூலன்ட் கெட்டிருக்கிறது. இரண்டும் உலோகத்தை அரிக்கும். பழைய கோரைத் தின்றது அதுதான் என்றால் புதியதையும் விடாது.

கேள்வி: ஹீட்டரைப் போட்டால் பெட்ரோல் அதிகம் செலவாகுமா?

பதில்: ஆகாது. என்ஜின் எப்படியும் வெளியே தள்ளப்போகும் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே அனுப்புகிறது. காற்று ஊதும் மோட்டாருக்கு ஆகும் மின்சாரம் மட்டுமே செலவு. நீங்கள் ஏசியோடு குழப்பிக்கொள்கிறீர்கள்.

கேள்வி: என்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுதாகப் போடச் சொல்கிறார்களே, வேடிக்கைக்கா?

பதில்: வேடிக்கை இல்லை. கோர் இன்னொரு ரேடியேட்டராக வேலை செய்து கொஞ்சம் சூட்டை இழுக்கும். ஓரமாக நிறுத்த இடம் தேடும் வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வந்தால் கோருக்குத் தண்ணீரே வரவில்லை. அந்த நொடியே என்ஜினை அணைத்துவிடுங்கள்.