தாத்தாவின் மூன்று கியர் சைக்கிள்: பின் சக்கரத்தை மாற்றிவிடாதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா மாரண்டஹள்ளிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் முப்பது வருடம் பரணில் கிடந்து இப்போதுதான் கீழே இறங்கியிருக்கிறது. முன்பக்கப் பித்தளைப் பட்டயத்தில் ராலே, நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்ற எழுத்தும் நாரைத் தலையும் இருக்கின்றன. பின் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் (ஹப் செய்த கம்பெனி), ஏ.டபிள்யூ. (அந்த மூன்று கியர் ஹப்பின் வகை), 52 10 என்று பொறித்திருக்கிறது. ஹேண்டில்பாரில் கியர் விசை உடைந்திருக்கிறது, கேபிள் இல்லை. "டயர் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். மிதிக்கவே முடியவில்லை, அவ்வளவு பாரம். ஹப்புக்குள்ளே எல்லாம் தேய்ந்துபோச்சு, பின் சக்கரத்தைக் கடாசிட்டு சாதா ஃப்ரீவீல் போட்டாத்தான் ஓடும் என்கிறார் மெக்கானிக். பெங்களூரிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்கிறார். இது நிஜமாகவே இங்கிலாந்து வண்டிதானா? சரிசெய்ய முடியுமா?"

முதலில் அந்தப் பாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கேபிள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஹப்பில் கேபிள் இழுக்காதபோது உள்ளே இருக்கும் ஸ்பிரிங், கியரைத் தேர்ந்தெடுக்கும் கிளட்சைத் தள்ளி மூன்றாம் கியரில் நிறுத்திவிடும். அதாவது இருப்பதிலேயே பாரமான கியரில். கேபிள் அறுந்த மூன்று கியர் வண்டி எதுவானாலும் அப்படித்தான் ஓடும். தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் நம் ஜில்லாவில் எத்தனை நல்ல ஹப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சந்தேகமாக இருந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். வண்டியின் வலது பக்கம், பின் அச்சின் நடுத் துளையிலிருந்து பொடிச் சங்கிலி ஒன்று வெளியே நீண்டிருக்கும். ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்கட்டும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே அந்தச் சங்கிலியைக் கையால் மெல்ல இழுங்கள். பாதி இழுத்தால் இரண்டாம் கியர், முழுக்க இழுத்தால் முதல் கியர். பெடல் ஒரே வேகத்தில் சுற்ற, சக்கரம் படிப்படியாக நிதானமாவது கண்ணுக்கே தெரியும். காதுக்கும் அடையாளம் உண்டு: இரண்டிலும் மூன்றிலும் மிதிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், முதல் கியரில் வராது.

உள்ளே நடப்பது எளிமையானது. அச்சோடு சேர்ந்து நகராமல் நிற்கும் 20 பல் சக்கரம் நடுவில். அதைச் சுற்றி ஓடும் 20 பல் குட்டிச் சக்கரங்கள் நான்கு. அவற்றை வளைத்து உள்பக்கம் 60 பல் வெட்டிய வளையம் ஒன்று. கிளட்ச் எதைப் பிடிக்கிறது, எது ஹப்பைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்து, பின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் முக்கால் சுற்றோ, ஒரு சுற்றோ, ஒரு சுற்றும் மூன்றில் ஒரு பங்குமோ சுற்றும். 1936-இல் வந்த அமைப்பு இது. எண்ணெய் காட்டிக்கொண்டே இருந்தால் மனித ஆயுளைத் தாண்டி உழைக்கும்.

இங்கிலாந்து வண்டியா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹப்பில் இருக்கும் எண்களில் 12-க்கு மேல் இருப்பது ஆண்டு, மற்றது மாதம். ஆக, உங்கள் ஹப் 1952 அக்டோபரில் நாட்டிங்ஹாமில் செய்தது. ஆனால் அது ஹப்பின் ஜாதகம், வண்டியின் ஜாதகம் ஆகாது. சக்கரம் மாறியிருக்கலாம். எனவே வண்டியின் மற்ற அங்கங்களும் அதே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரமான செயின் வீலில் நாரை வடிவம் வெட்டியிருக்கிறதா? சீட்டுக் குழாய் இணைப்பிலோ, பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ வரிசை எண் அடித்திருக்கிறதா? பட்டயத்தில் சென்-ராலே என்று இருந்தால் அது மேற்கு வங்கத்தின் அசன்சோலில் செய்த வண்டி. ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் இதே குழப்பம் வரும். அவை பர்மிங்ஹாம் பக்கத்துப் பெயர்கள்தான், ஆனால் அதே பெயர்களில் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்து குவித்த வண்டிகளே நம் ஊரில் அதிகம். வேறு யாராவது தங்கள் வீட்டு வண்டியைப் பார்ப்பதாக இருந்தால்: செயின் வீலில் விரித்த கை இருந்தால் ரட்ஜ், ஓடும் மனிதர்கள் ஐவர் இருந்தால் ஹம்பர், பட்டயத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நின்றால் பி.எஸ்.ஏ.

ராலே செய்த வண்டிகளில் இன்னொரு ரகசிய அடையாளம் மரைதான். ஹேண்டில் கோப்பையிலும் பெடல் அச்சுக் கப்பிலும் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற இங்கிலாந்து கம்பெனிகள் 24. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் கிடைக்கும் கப்பை "கொஞ்சம் டைட்டாப் போகுது" என்று சொல்லி ஏற்றினால் கூடு நாசமாகிவிடும். பழைய கப்பில் குழி விழாதவரை அதையே வைத்துக்கொண்டு பால்ஸை மட்டும் புதிதாகப் போடுங்கள். செயின் பக்கத்துக் கப் இடது மரை என்பதையும் மெக்கானிக்கிடம் ஞாபகப்படுத்துங்கள். அதைக் கழற்றவே தேவையில்லை, அங்கேயே வைத்துத் துடைக்கலாம்.

இப்போது ஹப். நம் பக்கத்து வறட்சி ஒரு விதத்தில் இந்த வண்டிகளுக்கு வரம். கடலோர ஊர்களைப் போல உப்புக் காற்று இரும்பைத் தின்பதில்லை. ஆனால் முப்பது வருட வெயிலில் உள்ளே இருந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். பழைய வண்டி "தேய்ந்துபோச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் பிசின்தான் குற்றவாளி. ஹப்பின் வயிற்றில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து இரண்டு மூன்று கரண்டி டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு, வண்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மறுநாள் மறுபக்கம் புரட்டிப் போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கறுப்புச் சாறு அச்சோரம் வழியும். அது நின்றதும் மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஆயிலை ஒரு டீஸ்பூன் விடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அதே அளவு. மூடி வழியாக கிரீஸ் திணிக்கவே கூடாது. உள்ளே நகர வேண்டிய மெல்லிய நாக்குகள் அதில் ஒட்டிக்கொண்டுவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது மறுபடி பிசினாகும்.

விசையும் கேபிளும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-இல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போனது. அந்தப் பெயரிலேயே உதிரிகள் வருகின்றன. கேபிள் மாட்டியதும் செய்ய வேண்டிய சரிபார்ப்பில் மட்டும் அலட்சியம் கூடாது, இதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. விசையை நடு கியரில் வையுங்கள். வலது அச்சு நட்டில் ஒரு ஜன்னல் இருக்கும், அதன் வழியே பாருங்கள். சங்கிலி கோர்த்திருக்கும் கம்பியின் தோள்பட்டை, அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதையும் பிடிக்காத ஓர் இடம் வரும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் பெடல் சட்டென்று காலியாகச் சுற்றும், உடம்பு முன்னால் பாய்ந்து பாரில் மோதும். வாரம் ஒரு முறை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பின் அச்சு நட்டுகளைத் தொலைத்துவிடாதீர்கள். அந்த அச்சு நம் கடை நட்டுகள் எதற்கும் பொருந்தாத அளவு, பத்து எம்.எம். நட்டைக் கட்டாயப்படுத்தினால் மரை போய்விடும். நட்டுக்கு அடியில் காதுள்ள வாஷர்கள் இருக்கும். காது, ஃபிரேமின் வெட்டுக்குள் உட்கார வேண்டும். இல்லையென்றால் அச்சு தானே சுழன்று கியர் தாறுமாறாகும்.

பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கழற்றும்போது ஒரு வேண்டுகோள். அந்தரத்தில் வைத்துச் சுத்தியால் அடித்தால் அடி முழுவதும் பால்ஸிலும் கப்பிலும் இறங்கும். கிராங்குக்கு அடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, நட்டைப் பாதி மரையில் விட்டுவிட்டு, கனமான சுத்தியால் ஒரே அடி. பொடிச் சுத்தியால் பத்து அடி அடித்தால் பின் வளைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மற்றவை பற்றிக் கவலையே வேண்டாம். 28 அங்குல, ஒன்றரை அங்குல அகல டயர், பின்னால் 40 முன்னால் 32 துளை ரிம், கம்பி பிரேக், பிரேக் கட்டை, செயின் எல்லாம் நம் ஊர்க் கடையில் தொங்குபவையே. அந்த இங்கிலாந்து அளவுகளை இந்தியா விடவில்லை என்பதால், இங்கிலாந்தில் தேடி அலைய வேண்டியது காவேரிப்பட்டணம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஹம்பரை ஆசையாக வாங்கி, பட்டுப்போல் தேய்த்து, பளபளவென்று கறுப்பு ஸ்பிரே அடித்தேன். மட்கார்டு ஓரத்தில் கையால் இழுத்த பொன் கோடுகள் அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டன. திரும்ப வரவே இல்லை. உங்கள் வண்டி சூளையில் சுட்ட எனாமல். வழவழப்பு போயிருக்கலாம், பெயின்ட் போயிருக்காது. துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், காய்ந்ததும் கார் மெழுகு. எழுத்துகளின் மேல் மட்டும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குரோம் துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம், சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பித்தளைப் பட்டயத்துக்குப் புளி நல்லதுதான், ஆனால் அதில் வண்ணம் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த இடங்களை அப்படியே விடுங்கள்.

பெங்களூர்க்காரருக்கு விற்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: பின் சக்கரத்தை மாற்றிவிட்டு விற்பதும், ஹப்பை மட்டும் தனியாகக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். 52 10 என்ற எண்ணும் அந்த ஃபிரேமும் சேர்ந்து இருக்கும்வரைதான் அது அந்த வண்டி.

ஓட்டப்போகிறீர்கள் என்றால் கடைசியாக ஒன்று. முன்னால் 46, பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு நடு கியரில் ஏறக்குறைய 5.7 மீட்டர், முதல் கியரில் 4.3 மீட்டர் நகரும். நாட்டிங்ஹாம் தெருவுக்குச் சரி. மாரண்டஹள்ளியிலிருந்து ராயக்கோட்டை ஏறும் மேட்டுக்கு முதல் கியரே போதாது. பின் பல்சக்கரத்தை ஒரு வட்டக் கம்பிக் கிளிப் பிடித்திருக்கிறதா பாருங்கள். 1950களின் தொடக்கத்தில்தான் மரை வைத்ததிலிருந்து இந்த வகைக்கு மாறினார்கள். கிளிப் வகை என்றால் ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றி 22 பல் மாட்டலாம். முதல் கியர் ஒரு மிதிக்கு மூன்றரை மீட்டராகும், மூட்டு வலி இல்லாமல் ஏறலாம். செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். முழு செயின் கவர் இருந்தால் பல் அதில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பழைய 18 பல்லை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.