வௌவால் புகுந்த மாளிகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெய்ஜிங்கில் இளவரசர் குங் மாளிகையைப் பார்த்தேன். திரும்பிய பக்கமெல்லாம் வௌவால் செதுக்கியிருக்கிறார்கள். வௌவால் அடைந்தால் வீடு பாழ் என்றல்லவா நாம் சொல்வோம்?

பதில்: அந்தச் செதுக்கலைக் காதால் பார்க்க வேண்டும். சீனத்தில் வௌவால் 'பியான்ஃபூ'. அதிலுள்ள 'ஃபூ'வும் நற்பேறு என்று பொருள்படும் 'ஃபூ'வும் ஒலியில் ஒன்றே. அசல் சிலேடை! தலைகீழாகத் தொங்கினால் இன்னும் விசேஷம். 'தலைகீழ்', 'வந்து சேர்ந்தது' இரண்டுக்குமே 'தாவ்' என்ற ஒலிதான். ஆக, பேறு வாசலுக்கு வந்துவிட்டது.

ஐந்து வௌவால்கள் சேர்ந்திருந்தால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற வாழ்வு, நற்குணத்தில் நாட்டம், கடைசியாக நல்ல சாவு.

மொத்தம் 9,999 வௌவால்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தோட்டத்துக் குகையில் காங்ஷி பேரரசர் கையெழுத்தில் செதுக்கிய 'ஃபூ' கல்வெட்டைச் சேர்த்தால் சரியாகப் பத்தாயிரம். கணக்கு இவ்வளவு அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: அது இளவரசர் கட்டியதுதானா?

பதில்: இல்லை. 1776 வாக்கில் கட்டத் தொடங்கியவர் ஹெஷென், சியான்லோங் பேரரசரின் செல்ல அதிகாரி. இளவரசர் குங் கைக்கு வந்தது 1851க்குப் பிறகு. ஹெஷென் நன்மு என்ற உயர்ந்த மரத்தில், அரண்மனையின் நிங்ஷோ மாளிகையைப் பார்த்து வீட்டின் உள்தடுப்புகளைச் செய்துகொண்டார். அலங்காரத்திலும் அந்தஸ்து மீறக் கூடாது என்பது அங்கே சட்டம். 1799இல் சியான்லோங் கண்ணை மூடியதும் புதிய பேரரசர் அடுக்கிய 20 குற்றங்களில் இந்த மரவேலையும் ஒன்று. பதினைந்தே நாளில் வெள்ளைப் பட்டுத்துணி அனுப்பித் தூக்கிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அத்தனை வௌவால் இருந்தும் அந்த ஐந்தாவது பேறு வாய்க்கவில்லை.

கேள்வி: குதிரைமேல் குரங்கு, நகைச்சுவைக்கா?

பதில்: பதவிக்கு! 'மாஷாங்' என்றால் குதிரைமேல். 'உடனே' என்றும் பொருள். குரங்கு 'ஹோ', பிரபுப் பட்டமும் 'ஹோ'. சீக்கிரமே பட்டம் கிடைக்கட்டும் என்ற ஆசை அது. கொக்கும் தாமரையும் சேர்ந்திருந்தால், அரசுத் தேர்வுகளில் அடுத்தடுத்துத் தேற வேண்டும் என்ற வேண்டுதல்.

கேள்வி: வாசல் சிங்கங்களில் ஆண் எது?

பதில்: பந்தின்மேல் கால் வைத்திருந்தால் ஆண், குட்டியின்மேல் என்றால் பெண். வாசலுக்கு முதுகு காட்டி நின்றால் ஆண் உங்கள் இடப்பக்கம். பிடரியை வைத்துத் தேடாதீர்கள், இரண்டுக்கும் உண்டு.