அதிகாரம் வந்ததும் மறந்தாரா ஜெரமி டெய்லர்?

கேள்வி: படிக்க வேண்டிய பழைய பக்தி நூல்கள் என்று சென்ற இதழில் நீங்கள் போட்ட பட்டியலில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) போதகர் ஜெரமி டெய்லரும் இருந்தார். 1647இல் மத சகிப்புத்தன்மைக்காகப் புத்தகம் எழுதியவர், 1661இல் பிஷப் ஆனதும் 36 போதகர்களை வெளியே தள்ளினார். தன் புத்தகத்தையே கொளுத்தினார் என்றும் கேள்விப்பட்டேன். இப்படிப்பட்ட வேஷதாரியை எதற்காகப் படிக்கச் சொல்கிறீர்கள்? அதிலும் எப்படிச் சாவது என்று ஒரு புத்தகம்! இந்தக் காலத்தில் அது யாருக்கு வேண்டும்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: 36 பேர் விஷயம் உண்மைதான். அதை மழுப்ப மாட்டேன். புத்தகத்தைக் கொளுத்திய கதை மட்டும் செவிவழி வந்தது, ஆதாரம் இல்லாதது. அதை விட்டுவிடுங்கள். நடந்ததாக உறுதியாகத் தெரிவதே அவர்மேல் குற்றம் சாட்டப் போதும்.

ஆனால் வேஷதாரி என்ற உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டால், அவர் எழுதியதைத் திறந்து பார்க்கும் வேலை நமக்கு மிச்சம். டெய்லர் எங்கே சறுக்கினார் என்பது அந்த 1647ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்காமல் அவரை எடைபோட்டிருக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது.

கேம்பிரிட்ஜில் ஒரு நாவிதரின் மகன் அவர். பேராயர் லாட் கண்ணில் பட்டு மேலே வந்தார். மன்னர் முதலாம் சார்லஸுக்கு அரண்மனைப் போதகர்களில் ஒருவர் ஆனார். அப்புறம் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தது. 1645 ஜனவரியில் லாட் தலை வெட்டப்பட்டது. அதே சமயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகத்துக்கும் நாடாளுமன்றம் தடை போட்டது. அடுத்த மாதம் வேல்ஸில் கார்டிகன் கோட்டையருகே நாடாளுமன்றப் படையிடம் டெய்லர் கைதியானார். விடுதலையான பிறகு வேல்ஸிலேயே தங்கி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். கார்பரி பிரபு தன் கோல்டன் குரோவ் மாளிகையில் அவருக்கு ஆதரவு கொடுத்தார். பதவி, வருமானம், பிரசங்க மேடை எல்லாம் போன நிலையில்தான் 'லிபர்ட்டி ஆஃப் ப்ராஃபெசையிங்' எழுதினார். வேதத்தை அவரவர் அறிவுக்கு எட்டியபடி விளக்கும் உரிமை பற்றிய நூல் அது.

அதன் வாதம் இன்றைக்கும் கூர்மையானது. கிறிஸ்தவனாக இருப்பதற்கு, அடிப்படை நம்பிக்கைகளைச் சுருக்கிச் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் போதும் என்கிறார். அதற்கு மேல் உள்ள எதிலும் மனிதர்கள் நேர்மையாகவே தவறக்கூடும். வேதத்தில் தெளிவில்லாத இடங்கள் நிறைய. மரபு நிச்சயமில்லாதது. பிஷப்புகள் கூடி முடிவெடுத்த சபைச் சங்கங்கள் ஒன்றையொன்று மறுத்திருக்கின்றன. ஆதிச் சபைப் பிதாக்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. போப்பும் தவறுவார், நம் பகுத்தறிவும் தவறும். பிறகு எந்தத் தைரியத்தில் இன்னொருவனை அவன் கருத்துக்காகத் தண்டிக்கிறோம்? கேட்டதோடு நிற்கவில்லை. எல்லாரும் வெறுத்த அனபாப்டிஸ்டுகளின் பக்கம் நின்று, குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிரான அவர்களுடைய வாதங்களை முழு வலுவோடு எழுதினார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே கலங்கிப்போனார்கள். பின்னால் அந்த வாதங்களுக்கு அவரே பதிலும் எழுத வேண்டியதாயிற்று. எதிராளியின் கட்சியை எதிராளியைவிட நன்றாக எடுத்துச் சொல்லும் நேர்மை வேஷதாரிக்கு வராது.

1657இல் வந்த பதிப்பில் ஒரு கதையைச் சேர்த்தார். ஆபிரகாம் தன் கூடாரத்துக்கு ஒரு நூறு வயதுக் கிழவரை அழைத்துச் சாப்பாடு வைக்கிறார். கிழவர் ஜெபிக்காமல் சாப்பிடுகிறார். கேட்டால், நான் நெருப்பைத்தான் கும்பிடுகிறவன் என்கிறார். ஆபிரகாம் கோபத்தில் அவரை இருட்டில் துரத்திவிடுகிறார். உடனே கடவுள் கேட்கிறார்: என்னை மதிக்காத அவனை நான் நூறு வருஷம் பொறுத்துக்கொண்டேனே, உன்னால் ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லையா? ஆபிரகாம் ஓடிப்போய்க் கிழவரைத் திரும்பக் கூட்டி வருகிறார். யூதர்களின் நூல்களில் கிடைத்தது என்று டெய்லர் சொன்னாலும், இதன் வேர் 13ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் சாதியின் 'பூஸ்தான்'. ஒரு முஸ்லிம் கவிஞர் சொன்ன கதை ஆங்கிலிக்கன் போதகரின் நூலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அதை எடுத்துத் தன் பாணியில் திருத்திச் சொன்னார்.

சரி, இப்போது 1661. மன்னராட்சி திரும்பிவிட்டது. அயர்லாந்தின் வடக்கே டவுன் அண்ட் கானர் திருமண்டலத்துக்கு டெய்லர் பிஷப். அங்கே பெரும்பாலான சபைகளில் இருந்தவர்கள் ஸ்காட்லாந்து வழி வந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர்கள். பிஷப் என்ற பதவியையே ஒப்புக்கொள்ளாதவர்கள், பிஷப் கையால் குருப்பட்டம் பெறாதவர்கள். முதல் விசாரணைப் பயணத்திலேயே 36 சபைகளுக்குச் சட்டப்படி போதகர் இல்லை என்று டெய்லர் அறிவித்தார். அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் ஆர்மண்ட் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட சகிக்க முடியாத மனிதர்களுக்கு பிஷப்பாக இருப்பதைவிட ஒரு கிராமத்துக் கோயிலில் ஏழை உதவிக்குருவாக இருக்கலாம் என்று புலம்புகிறார். ஆபிரகாம் கதையை எழுதி நான்கைந்து வருஷம்கூட ஆகவில்லை. அதைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்துக்கு வரும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

ஆனால் 1647ஆம் ஆண்டு நூலை இன்னொரு முறை திறங்கள். எவையெவை தன் வாதத்தின் எல்லைக்குள் வராது என்று அதிலேயே சொல்லிவிடுகிறார். விசுவாசத்தின் அடித்தளத்தை உடைப்பவை, நல்லொழுக்கத்துக்கும் கீழ்ப்படிதலின் சட்டங்களுக்கும் எதிரானவை, சமுதாயத்தையும் அரசின் நியாயமான நலன்களையும் கெடுப்பவை. துரத்தப்பட்டவராக 1647இல் அவர் இதை எழுதியபோது, விதிவிலக்கு என்றுதான் எவரும் படித்திருப்பார்கள். 1661இல் பிஷப் அங்கியோடு அவரே அதைப் படித்தபோது அதன் வழியாக 36 சபைகளும் வெளியே போய்விட்டன. கருத்தை நான் தண்டிக்கவில்லை, ஒழுங்கை மீறியதைத்தான் கேட்கிறேன் என்று அவர் மனதார நம்பியிருப்பார். அந்த ஆண்டு மே மாதம் அயர்லாந்து நாடாளுமன்றத் தொடக்கத்தில் அவர் செய்த பிரசங்கமே, பலியைவிடக் கீழ்ப்படிதல் மேல் என்ற வசனத்தின் மீதுதான்.

ஆகவே வேஷதாரி என்பதைவிடக் கடுமையாகச் சொல்கிறேன். அவர் மாறவே இல்லை. சகிப்புத்தன்மைக்கு வாதாடும்போதே, அரசாங்கமும் ஒழுங்கும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார். அந்தக் கதவு யார் கையில் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவருடைய எதிரணியும் ஒன்றும் மேலானதல்ல. ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் அறிஞர் சாமுவேல் ரூதர்போர்ட், மனசாட்சிச் சுதந்திரம் என்பதே பொய் வேஷம் என்று 1649இல் புத்தகம் எழுதி டெய்லரைத் தாக்கினார். அதனால் டெய்லர் செய்தது நியாயமாகிவிடாது. துரத்தப்பட்ட அந்தப் போதகர்களுக்கும் குடும்பம் இருந்தது, சபை இருந்தது. மத சுதந்திரம் வேண்டும், ஆனால் பொது ஒழுங்கு கெடக்கூடாது என்று யார் எழுதினாலும் அந்த 'ஆனால்' எவ்வளவு அகலம் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இவரைப் படித்துத்தான் வந்தது. அவரைப் படிக்கச் சொன்னதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பக்தி நூல்கள். 1650இல் 'ஹோலி லிவிங்' (பரிசுத்தமாய் வாழ்வது), 1651இல் 'ஹோலி டையிங்' (பரிசுத்தமாய்ச் சாவது). ஜெபப் புத்தகம் தடையில், போதகர்கள் சிதறிப்போன நேரம். பக்கத்தில் வழிகாட்ட ஆள் இல்லாதவர்களுக்கு என்றே எழுதினார். அதனால் முதல் நூலில் தியானம் மட்டும் இல்லை, கடைத்தெருவும் இருக்கிறது. வாங்குவது விற்பது பற்றி ஒரு பகுதி. விலை என்பது அந்தத் தொழில் தெரிந்த விவேகமும் இரக்கமும் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளும் விலையாக இருக்க வேண்டும். வாங்குபவனின் அறியாமையையோ அவசரத் தேவையையோ காசாக்கக் கூடாது என்கிறார். வட்டிக்கடையிலும் ஆஸ்பத்திரி பில்லிலும் மாட்டிக்கொண்ட எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. 1725இல், பின்னால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர் ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைத் திருப்பிய நூல்களில் இவை இரண்டும் உண்டு.

நீங்கள் திருச்சிக்காரர் என்பதால் இன்னொன்று. டெய்லரின் எல்லா எழுத்துகளையும் தொகுத்து, வாழ்க்கை வரலாறும் எழுதி, 1822இல் 15 தொகுதிகளாகக் கொண்டுவந்தவர் ரெஜினால்டு ஹீபர். உங்கள் ஊரில் கல்லூரிக்குப் பெயராக இருக்கிறாரே, அதே பிஷப் ஹீபர். மறு ஆண்டே கல்கத்தா பிஷப்பாக இந்தியா வந்து, 1826 ஏப்ரல் 3இல் திருச்சியில் இறந்தார். புனித யோவான் கோயிலில் அடக்கம். டெய்லரின் குறைகள் தெரிந்தேதான் ஹீபர் அந்த வேலையில் இறங்கினார்.

கடைசியாக, சாவதற்கு ஒரு புத்தகம் யாருக்கு வேண்டும் என்றீர்கள். அதை எழுதிய காலத்தில் ஆதரவாளர் கார்பரியின் மனைவி இறந்திருந்தார். டெய்லரின் மனைவியும் அதே காலத்தில் போனார். நாங்கள் இருவருமே இந்தத் துக்கத்தைக் கண்டவர்கள் என்று முன்னுரையில் பிரபுவிடம் சொல்கிறார். மரணப் படுக்கையில் அவசரமாக மனம் திரும்பலாம் என்ற நம்பிக்கையை அவர் ஈவிரக்கமில்லாமல் உடைக்கிறார். சாவுக்கான தயாரிப்பு நல்ல உடம்போடு இருக்கும் நாட்களில்தான் என்பது அவர் கட்சி. ஐந்தாவது அதிகாரம் நோயாளியைப் பார்க்கப் போவது பற்றி. போதகரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள். நினைவு தப்பிய பிறகு அழைக்கிறார்கள். அப்போது பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நம் வீடுகளில் டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லாதே என்று தாழ்வாரத்தில் நின்று கிசுகிசுக்கிறோம் அல்லவா? மூன்றரை நூற்றாண்டுக்கு முன் அதே கிசுகிசுப்பைக் கேட்டு, கூடாது என்று சொன்னவர் அவர். சகிப்புத்தன்மை பற்றிய நூல் இப்போது உங்களுக்குக் கசந்தால் அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஐந்தாவது அதிகாரத்தை முதலில் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் தொடர்ந்து பேசலாம்.