சொந்த லொறியா, முதலாளியின் லொறியா?

கேள்வி: நான் லிந்துலைப் பகுதியில் உள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். வயது 34. பதினொரு ஆண்டுகளாக ஒரே முதலாளியின் பதினான்கரை அடி லொறியை ஓட்டி வருகிறேன். நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி, ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் பேலியகொடை மெனிங் சந்தையில் இறக்குவது என் வேலை. மாதத்துக்குப் பன்னிரண்டு ஹயர் (வாடகைப் பயணம்) கிடைக்கிறது. ஒரு ஹயருக்கு முதலாளிக்கு 38,000 ரூபாயும் அதில் எனக்கு 5,000 ரூபாயும் கிடைக்கின்றன. இப்போது 65 இலட்சத்துக்கு ஒரு பழைய லொறி விலைக்கு வந்திருக்கிறது. 40 இலட்சத்தை லீசிங்கில் தருவதாகவும், ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 95,000 கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மீதி 25 இலட்சத்தில் 8 இலட்சம் என் சேமிப்பு. 6 இலட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம். 11 இலட்சம், தோட்டத்தில் ஓய்வு பெற்ற அம்மாவுக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும். டீசலும் தவணையும் போக மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். துணிந்து இறங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லிந்துலை

பதில்: அன்புள்ள தம்பி, நீங்கள் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு ஹயருக்கு 4,56,000 ரூபாய் வரவு. போய்வர ஏறத்தாழ 340 கிலோமீற்றர். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் என்றும் டீசல் லீற்றர் 280 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பயணத்துக்கு 16,000 வீதம் மாதத்துக்கு 1,92,000 போகும். தவணையையும் கழித்தால் 1,69,000 மிஞ்சுகிறது. ஆனால் இதுவரை முதலாளியின் சட்டைப்பையிலிருந்து போன செலவுகள் உங்கள் கண்ணில் பட்டதில்லை என்பதால், கணக்கு அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

ஹட்டனில் என் மூத்த அண்ணனுடைய இரண்டு லொறிகளுக்கு ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். அந்தக் கொப்பியில் டயருக்கென்று ஒதுக்கிய பக்கமே எப்போதும் முதலில் நிறையும். மேட்டில் கிளச்சும், இறக்கத்தில் பிரேக் லைனரும், வளைவுகளில் டயரும் தேயும் பாதை இது. சமவெளியில் ஓடும் லொறியின் பராமரிப்புச் செலவை வைத்து நம் லொறியை மதிப்பிட முடியாது. டயருக்கென மாதம் 22,500, சர்வீஸ், ஒயில், பிரேக், கிளச்சுக்கென 25,000, லீசிங் வண்டிக்குக் கட்டாயமாகக் கேட்கப்படும் முழுக் காப்புறுதிக்கு 12,500, உதவியாளருக்கு ஒரு ஹயருக்கு 3,500 வீதம் 42,000, இருவரின் சாப்பாட்டுக்கும் வழிச் செலவுக்கும் 24,000 என்று ஓரளவு நடைமுறைக்கு ஒத்த தொகைகளை எழுதிப் பாருங்கள். மொத்தம் 1,26,000 வரும். உங்கள் கையில் நிற்பது 43,000. இன்று எந்தக் கடனும் இல்லாமல் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது 60,000. வருமான உத்தரவுப் பத்திரம், தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை ஆகியவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. நகை அடகுக்கான வட்டியையும் சேர்க்கவில்லை.

அப்படியானால் உங்கள் முதலாளி மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று கேட்பீர்கள். அவருடைய வண்டிக்குத் தவணை முடிந்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, பேலியகொடையில் மரக்கறியை இறக்கிய பிறகு லொறி வெறுமையாகத் திரும்புகிறதா, பாரத்தோடு திரும்புகிறதா என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. என் பார்வையில் உங்கள் முழுக் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து அரிசி, சீனி, பருப்பு, அல்லது ஹட்டன், தலவாக்கலைக் கடைகளுக்குச் சீமெந்து, உரம் என்று பாதிப் பயணங்களிலாவது 15,000 ரூபாய்க்கு ஒரு திரும்பு பாரம் கிடைத்தால், பாரத்தோடு மேடேறும்போது கூடும் டீசலைக் கழித்தாலும் மாத வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கிடைக்காவிட்டால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லீசிங் கம்பனிக்கு வேலை செய்கிறவராகவே இருப்பீர்கள்.

ஆகவே வண்டியைத் தேடுவதற்கு முன்னால் பாரத்தைத் தேடுங்கள். இன்னும் ஆறு மாதம் இதே வேலையில் இருந்துகொண்டு, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த கடைக்காரர்களிடம் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை பாரம், என்ன வாடகை, பணம் அன்றே தருவார்களா, ஒரு மாதக் கடனில் இழுப்பார்களா என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். முதலாளியின் வாடிக்கையாளரை மறைவாக இழுக்க வேண்டாம். பதினொரு ஆண்டுகள் நம்பி வண்டியைக் கொடுத்தவர் அவர். தனக்கு முடியாத ஹயரை நாளை உங்களுக்குத் தள்ளிவிடக் கூடியவரும் அவரே என்பதால், உங்கள் எண்ணத்தை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

நம் பாதைகள் மூடப்படும் நாட்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலையகத்தின் பிரதான வீதிகள் மண்சரிவால் பல இடங்களில் துண்டிக்கப்பட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னர் 2022 இல், முந்தைய ஆண்டின் இறுதியில் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் மாதத்தில் 460 ரூபாயானது. காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் வரிசையில் லொறிகள் நாட்கணக்கில் நின்றன. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு அத்தகைய மாதம் வருமானமில்லாத மாதம். தவணை கட்டுகிறவருக்கோ அது கடன் ஏறுகின்ற மாதம். சில மாதங்கள் நிலுவையானால் வண்டியையே எடுத்துச் சென்றுவிடுவார்கள். மூன்று மாதத் தவணையான 2,85,000 ரூபாயைத் தனியாக வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் இருக்க முடிந்தால் மட்டுமே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். அந்த ஒப்பந்தத்தில் வட்டி மாறக் கூடியதா, மாறாததா என்பதையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது.

அம்மாவின் 11 இலட்சத்தைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: அதைத் தொடாதீர்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்து, அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று, ஆண்டாண்டாக உழைத்துச் சேர்ந்த பணம் அது. மீண்டும் சேர்க்க அவருக்கு வயதில்லை. லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால் ஈடு வைக்க நிலமற்றவர்கள் நாம். மற்ற ஊர்களில் காணியை வைத்து எடுக்கும் துணிச்சலை நம் வீடுகளில் தாயின் சேமலாப நிதியையும் மனைவியின் நகையையும் வைத்து எடுக்கிறோம். அவை இரண்டும் இல்லாமல் 65 இலட்ச லொறியை வாங்க முடியாதென்றால், இப்போதைக்கு அந்த லொறி உங்களுக்கு உரியது அல்ல. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுப் பழைய வண்டிகளின் விலை ஏறிப் போயிருந்த காலத்தில் அவசரப்பட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு, இந்த ஒரு வண்டியை விட்டால் வேறு கிடைக்காது என்ற பயம் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளில் உங்கள் 8 இலட்சத்தை 14 இலட்சமாக்கி, தோட்டங்களுக்குள் ஓடும் டிமோ பட்டா என்ற சிறிய லொறி ஒன்றிலிருந்து தொடங்குவதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, தூக்கம். இன்று களைத்திருந்தால் ஒரு ஹயரை வேண்டாம் என்று சொல்லலாம். தவணைத் தேதி நெருங்கும்போது சொல்ல மனம் வராது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வழியில், நள்ளிரவில், பாரத்தோடு, சிறிய கியரில் இறக்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது சாரதி ஒருவருக்கு மாதம் மூன்று ஹயராவது கொடுக்கும் அளவுக்குக் கணக்கில் இடம் இருக்கட்டும்.

கேள்வி: பண்டாரவளையில் ஒருவர், பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் ஒரு லொறியைச் சந்தை விலையைவிட 5 இலட்சம் குறைவாகத் தருகிறார். வாங்கலாமா?
— வாசகர், ஹப்புத்தளை

பதில்: வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உங்கள் பெயர் இல்லாதவரை விபத்து, காப்புறுதிக் கோரிக்கை, மறுவிற்பனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் முன்னைய உரிமையாளரைத் தேடி அலைய நேரிடும். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனி முழு உரிமையாளராக இருந்தால், அவர் விற்பது அவருடைய வண்டியே அல்ல. மரக்கறி ஏற்றிய லொறி என்றால் அடியில் படுத்துச் சேஸியையும் பாருங்கள். கழுவிய கரட்டிலிருந்து ஆண்டுக்கணக்கில் வடிந்த நீர் அங்கேதான் துருவாகத் தங்கியிருக்கும்.